மெற்றோவில் வந்த பன்றி

என் தம்பிமார் இரட்டையர். அவர்களுக்கென்று வாங்கிய இரட்டைத் தள்ளுவண்டியில் முதன்முதலாக ஏறிப் பயணம் போனது அவர்கள் அல்ல, முழுதாகச் சுட்ட ஒரு பன்றி. இதை நான் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பிலிப்பைன்ஸ் பிள்ளைகள் மட்டும் உடனே நம்பினார்கள். தோல் மொறுமொறுவென்று வந்ததா என்றும் கேட்டார்கள். மற்றவர்கள் என்னைப் பொய்க்காரி என்றார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், இரும்புப் படிகளை வெளியே தொங்கவிட்டிருந்த மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் நடு வீட்டில் இருந்தோம். கீழ்வீட்டில் பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு தீவிலிருந்து வந்த கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவரைத் ‘தீத்தோ’ என்றும் அவர் மனைவியைத் ‘தீத்தா’ என்றும் கூப்பிடச் சொல்லித் தந்திருந்தார்கள். மாமா, மாமி என்பதற்கு அவர்களிடம் அதுதான் சொல். தீத்தோ என் அப்பாவைக் ‘கூயா’ என்பார். அண்ணன் என்று பொருள். அப்பா அவரைத் ‘தம்பி’ என்பார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் யார் மூத்தவர், யார் இளையவர் என்பதில் இருவருக்கும் ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

தீத்தாவும் அம்மாவும் சென்ட் லோரன்டில் ஒரே மருந்துத் தொழிற்சாலையில் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் வேலை பார்த்தார்கள். தம்பிமார் பிறந்திருந்ததால் அம்மா அப்போது விடுப்பில் இருந்தார். அப்பா இரண்டு தெரு தள்ளி ஒரு கிரேக்கரின் பேக்கரியில் பாண் போடுபவர். நான் எழும்பும்போது அவர் வீட்டில் இருக்கமாட்டார். பள்ளி விட்டு வரும்போது காதோரத்தில் மாவோடு நித்திரையாக இருப்பார். மன்னாரில் இருந்து வந்த நாளிலிருந்து அதே பேக்கரி, பாண் வேகும் அதே போறணை அடுப்பு.

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோட் டே நேஜ் பக்கத்துப் பூங்கா ஒன்றில் பிலிப்பைன்ஸ்காரர்கள் விழா எடுப்பார்கள். அவர்களும் எங்களைப்போலக் கத்தோலிக்கர்கள். காலையில் பூசை, பிறகு பாட்டு, நடனம், சாப்பாடு. ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் அந்த விழாவைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவருக்கு ‘எர்மானோ’ என்று பெயர். அந்த ஆண்டு எர்மானோ எங்கள் தீத்தோ. முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடும் வேலை அவருக்கு. வாரம் முழுவதும் மற்றவர்களின் மணி அடிப்புக்கு ஓடுகிற மனிதர், எர்மானோ ஆனதும் சற்று நிமிர்ந்து நடந்தார். கோவில் வாசலில் அவரை விட மூத்தவர்கள்கூட எழுந்து நின்று கைகொடுத்ததை நான் பார்த்தேன்.

மே மாதம் முழுவதும் எங்கள் கட்டடமே அந்த விழாவாக இருந்தது. கீழே தீத்தோவும் நண்பர்களும் ‘பந்தூரியா’ பழகினார்கள். பதினான்கு தந்தி கொண்ட, பேரிக்காய் போல வயிறு வைத்த சிறிய வாத்தியம் அது. ஐந்தாறு பேர் சேர்ந்து வாசித்தால் மழை தகரத்தில் விழுவதுபோல எங்கள் தரை அதிரும். தம்பிமார் அதற்குத்தான் உறங்கிப் பழகினார்கள். சத்தம் நின்றால் அழுவார்கள்.

தீத்தா படம் வரைபவர். தொழிற்சாலை எறிகிற அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கிவந்து, நடைபாதையில் ஒரு ‘ஜீப்னி’ கட்டினார். ஜீப்பை நீட்டிச் செய்த அவர்கள் ஊர் பஸ் அது. உடம்பெல்லாம் சித்திரமும் வண்ணமுமாக ஓடும் என்றார். மேல் மாடிக்காரர் பக்கவாட்டில் நண்டுபோல நடந்துதான் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. முன்மூடியில் நிற்கும் இரண்டு குதிரைகளை வரையும் பொறுப்பு எனக்கு. அவை நாய்களாக வந்தன. தீத்தா தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, செபுவில் இப்படியும் குதிரை உண்டு என்றார். வண்டியின் நெற்றியில் புறப்படும் ஊரும் போய்ச்சேரும் ஊரும் எழுதவேண்டும். ‘செபு, கோட் டே நேஜ்’ என்று எழுதிவிட்டுத் தூரிகையை என்னிடம் நீட்டினார். உன் ஊரையும் எழுது, வழியில்தானே இருக்கிறது என்றார். நான் தமிழில் ‘மன்னார்’ என்று எழுதினேன். ‘ன’வுக்குப் பதில் ‘ண’ போட்டிருந்தேன். தம்பி ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்த அம்மா பிடித்துத் திருத்தினார்.

விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது தீத்தோ எங்கள் சமையலறை மேசையில் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பூங்காவில் திறந்த நெருப்பு மூட்ட அனுமதி கிடைக்கவில்லை. அவர்கள் விழாவுக்கு முழுப் பன்றி சுட்டே ஆகவேண்டும். அதற்கு ‘லெச்சோன்’ என்று பெயர். தணலுக்கு மேல் மணிக்கணக்காகத் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். நெருப்பில்லாமல் எப்படிச் சுடுவது? வீட்டு அடுப்பில் பன்றியின் கால்கூட நுழையாது.

“பன்றி இல்லாத விழாவை நடத்திய எர்மானோ என்றுதான் என்னைச் சொல்வார்கள், கூயா,” என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் அப்பாவுக்குச் சொன்னேன்.

கிரேக்கர்களின் உயிர்த்த ஞாயிற்றுக்கு அந்தத் தெரு முழுவதும் ஆட்டுக்குட்டிகளை அந்தப் பேக்கரிக்குத்தான் கொண்டுவரும். அவற்றை முழுதாகச் சுட்டுக் கொடுப்பது அப்பாவின் வேலை.

“ஆட்டைச் சுடுற போறணை பண்டியை வேண்டாம் எண்டு சொல்லாது. நான் முதலாளியைக் கேட்டுப் பாக்கிறன் எண்டு தம்பிக்குச் சொல்லு,” என்றார்.

பதினொரு ஆண்டுகளில் அப்பா முதலாளியிடம் எதையும் கேட்டதில்லை, ஒரு நாள் லீவு உட்பட. அன்றைக்குத் தலை சீவிச் சட்டை மாற்றிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது பேக்கரிச் சாவி கையில் இருந்தது. போறணையைத் துடைத்து வைத்தால் போதும் என்றாராம் முதலாளி.

சனிக்கிழமை பின்னேரம் எங்கள் சமையலறைத் தரையில் பத்திரிகை விரித்துப் பன்றியைக் கிடத்தினார்கள். இருபது கிலோ இருக்கும். வயிற்றுக்குள் எலுமிச்சைப் புல்லைக் கட்டுக்கட்டாகத் திணித்தார் தீத்தோ. உள்ளிப்பூண்டும் வெங்காயத் தாளும் போட்டுச் சாக்கூசியால் தைத்தார். அப்பாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கறுவாப்பட்டைப் போத்தலைத் திறந்தார். தீத்தோ மிகுந்த மரியாதையோடு அதை வாங்கி மூடி அலுமாரியில் திரும்ப வைத்தார். “செபுவில் இப்படித்தான், கூயா,” என்றார். சமையலில் ஒருவர் சொல்லி அப்பா அடங்கியதை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஞாயிறு விடிந்ததும் இருவரும் பேக்கரிக்குப் போய்விட்டார்கள். பத்தரை மணிக்கு அம்மா சாப்பாட்டுப் பையோடு என்னை அனுப்பினார். கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. போறணைக்கு முன்னால் இருவரும் வேர்த்துப்போய் நின்றார்கள். அப்பா நீளக் கம்பியில் துணி சுற்றிப் பாலில் தோய்த்துத் தோலில் பூசிக்கொண்டிருந்தார். ஆட்டுக்கு எலுமிச்சம்பழம் பூசிப் பழகிய கை, தீத்தோ காட்டிய இடத்தில் காட்டிய அளவு மட்டும் பூசியது. பதினொன்றரைக்கு வெளியே இழுத்தார்கள். பாணின் மேற்புறம்போல, அதைவிடச் சிவப்பாக, கண்ணாடி பூசியதுபோல மின்னியது. தீத்தோ சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. பன்றியை ஏற்ற வான் கொண்டுவரவேண்டிய நண்பர் பேசினார். அன்றைக்கு நகரத்தில் சைக்கிள் ஓட்டம். தெருக்களை மறித்துவிட்டார்கள். வான் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் நடுவில். எந்த டாக்சியும் கடக்க முடியாது. ஒரு மணிக்குப் பன்றி மேசையில் இருக்கவேண்டும்.

“பொலித்தீனாலை மூடி வைச்சிட்டுப் பேந்து கொண்டுபோவமே?” என்று நான் கேட்டேன்.

“மூடினால் ஆவியிலை தோல் இளகிப்போடும்,” என்றார் அப்பா. “தோல் போனால் எல்லாம் போச்சு.” பிறகு திடீரென்று, “நீ ஓடிப்போய்ப் பிள்ளையளின்ரை வண்டிலைக் கொண்டா,” என்றார்.

நான் ஓடினேன். தம்பிமாரை அன்று பூங்காவுக்குத் தள்ளிப்போக அம்மா அந்த வண்டியைத் துடைத்து வாசலில் வைத்திருந்தார். கடைச் சீட்டுக்கூட இன்னும் அதில் தொங்கியது.

“மூண்டு மாசப் பிள்ளையளின்ரை வண்டில்! இன்னும் ஒருக்காலும் ஏத்தயில்லை. அதிலை பண்டியோ?”

“கெதியா வேணுமாம் அம்மா. தீத்தோ அழப்போறார்.”

அம்மா என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தோய்த்து மடித்த வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து வண்டியில் போட்டார். “கழுவிப்போட்டுத்தான் வீட்டுக்கை கொண்டுவரலாம் எண்டு கொப்பரிட்டைச் சொல்லு,” என்றார். வண்டி இல்லாமல் இரண்டு குழந்தைகளோடு அவரால் விழாவுக்கு வரமுடியாது என்பதை அவர் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை.

வண்டியின் இரண்டு இருக்கைகளுக்கும் குறுக்கே பாண் பலகையை வைத்து, பன்றியைக் கிடத்தினார்கள். அப்பா அலுமினியத் தாளைக் கூடாரம்போல வளைத்து, காற்றுப் போக நிறைய ஓட்டைகள் குத்தினார். மேலே அம்மாவின் விரிப்பு. அக்காடி மெற்றோ நிலையத்துக்கு ஏறக்குறைய ஓடினோம். மெற்றோவின் கனத்த கதவுகளை உள்ளிருந்து வரும் காற்று தள்ளும். தீத்தோ முதுகால் கதவை அடக்கிப் பிடிக்க, அப்பா வண்டியை நுழைத்தார்.

உள்ளே கண்ணாடிக் கூண்டில் இருந்த அலுவலர் எழுந்து எட்டிப் பார்த்தார். அப்பாவுக்குப் பாண், மா, காலை வணக்கம் தவிரப் பிரெஞ்சு தெரியாது. தீத்தோவுக்கு ஆங்கிலம் மட்டும். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“பொன்ஜூர்,” என்றேன். “இரட்டைப் பிள்ளைகள். நித்திரை.”

அலுவலர் உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாமல் அகலக் கதவைத் திறந்துவிட்டார்.

“என்ன பிள்ளை சொன்னனி?” என்று படியில் வண்டியைத் தூக்கி இறக்கும்போது அப்பா கேட்டார்.

“தம்பியவை நித்திரை எண்டு சொன்னனான்.”

அப்பா ஒரு படி தவறப் பார்த்தார். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொல்லிவிடு என்றார். ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

ரயில் பெட்டிக்குள் எங்களுக்குப் பக்கத்தில் பூப்போட்ட தொப்பி அணிந்த வயதான பெண் ஒருவர் இருந்தார். வண்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு மூக்கு மலர்ந்தது. அடுத்த நிலையம் வருவதற்குள் நான்கு பேர் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

“எத்தனை மாதம்?” என்று கேட்டார் அந்தப் பெண்.

“மூன்று,” என்றேன். அது பொய் இல்லை.

ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது. விரிப்பு வழுகியது. தாளின் விளிம்பிலிருந்து சிவந்து சுருண்ட காது ஒன்று எட்டிப் பார்த்தது. தீத்தோ கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் குனிந்து, விரிப்பை இரண்டு விரலால் தூக்கி, உள்ளே நன்றாகப் பார்த்தார்.

“கடவுளே, எவ்வளவு அழகு!” என்றார்.

பிறகு ஒரே சிரிப்பு. எங்கிருந்து, எங்கே, யார் சுட்டது என்று கேள்விகள். நான் இருக்கையில் ஏறி நின்று பிரெஞ்சில் எல்லாவற்றையும் விளக்கினேன்: செபு, எர்மானோ, சைக்கிள்கள், கிரேக்கரின் போறணை, மன்னாரில் பிறந்த என் அப்பா. ஒரு மாணவன் படம் எடுக்கலாமா என்றான். தீத்தோ உடனே சட்டையை இழுத்துவிட்டு வண்டியின் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். அப்பாவையும் இழுத்து மறுபக்கத்தில் நிறுத்தினார். நான்காவது நிலையமான கோட் டே நேஜில் இறங்கியபோது தொப்பிக்காரப் பெண்ணும் எங்களோடு இறங்கினார். சாப்பிடாமல் வீட்டுக்குப் போகமாட்டாராம்.

பூங்காவில் மரத்துக்கு மரம் வண்ணக் காகிதக் கொடிகள் ஓடின. தீத்தாவின் ஜீப்னிக்குள் பிள்ளைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் நாய்க்குதிரைகள் வெயிலில் நன்றாகவே இருந்தன. நீண்ட மேசையில் வாழையிலை விரித்து, நூடில்ஸும், எங்கள் ரோல்ஸ் போலவே ஆனால் ஒல்லியான உருளைகளும், ‘பூத்தோ’ என்ற வெள்ளை அரிசிப் பணியாரமும் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு மீட்டர் நீளத்துக்கு வெற்று இலை. அந்த இடம் வெறுமையாகக் கிடந்ததை எல்லோரும் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில் தடிகளுக்கு நடுவே பெண்கள் துள்ளி ஆடினார்கள். தடிகள் தட்டும் ஒவ்வொரு தடவையும் கால் அகப்பட்டுவிடும் என்று நினைத்தேன். ஒருத்திக்கும் அகப்படவில்லை.

நாங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைத் தீத்தாதான் முதலில் கண்டார். அவர் கூவியதும் ஆட்டம் நின்றது, பந்தூரியாக்கள் நின்றன. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. தள்ளுவண்டியோடு ஒரு தேர் வருவதுபோல நாங்கள் நடந்தோம். பன்றியை இலையில் இறக்கினார்கள். மணி ஒன்றாக ஐந்து நிமிடம்.

ஆனால் ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். எர்மானோதான் முதல் வெட்டு வெட்டவேண்டும். தீத்தோ கத்தியை எடுத்தார். அப்பாவைப் பார்த்தார். கத்தியை அவர் கையில் கொடுத்தார்.

அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். தீத்தோ விடவில்லை. அப்பா கத்தியின் முதுகுப் பக்கத்தால் தோலில் ஒரு தட்டுத் தட்டினார்.

‘டக்’ என்றது. மெல்லிய ஓடு உடைந்ததுபோன்ற சத்தம். தோல் நீளமாக வெடித்தது. அப்போது எழுந்த ஆரவாரத்தை நான் அதற்குப் பிறகு விளையாட்டு மைதானங்களில்தான் கேட்டிருக்கிறேன். யாரோ என்னைத் தூக்கினார்கள். தொப்பிக்காரப் பெண் தீத்தாவைக் கட்டிப்பிடித்தார். முதல் துண்டுத் தோலைத் தீத்தோ உடைத்து அப்பாவின் வாயில் வைத்தார்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தீத்தோ மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தார். இந்தப் பன்றியைச் சுட்டவர் என் கூயா என்று சொல்லி அப்பாவை மேலே கூப்பிட்டார். கூட வந்து மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டார். மெற்றோவில் இவ்வளவு பேசிய எனக்கு அது ஒன்றும் பெரிய வேலையாகத் தெரியவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் கைதட்டுகிறார்கள் என்று மகிழ்ந்து, பின்னலைச் சரிசெய்துகொண்டேன்.

அப்பா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தார். கூட்டத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை பார்த்தார். பிறகு தமிழில் பேசினார். அந்தப் பூங்காவில் தமிழ் தெரிந்தவர்கள் அவரும் நானும் மட்டும்.

“நான் பதினொரு வருசமா இந்த ஊரிலை பின்பக்கத்திலை நிண்டு பாண் போடுறன். நான் சுட்டதைச் சாப்பிடேக்கை ஆக்களின்ரை முகம் எப்பிடி இருக்குமெண்டு இண்டைக்குத்தான் கண்டனான். என்னைக் கேட்டதுக்கு இந்தத் தம்பிக்கு நான்தான் நன்றி சொல்லவேணும்.”

நானும் அந்த முகங்களைப் பார்த்தேன். வாய் நிறைய இறைச்சி, உதட்டில் எண்ணெய், ஒரு தாத்தாவின் தாடியில் நூடில்ஸ். சொல்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக எனக்குப் படவில்லை. எனக்குப் பசித்தது. தோல் தீர்ந்துகொண்டிருந்தது. நான் ஒலிவாங்கியை என் பக்கம் இழுத்து, ஆங்கிலத்தில், “அப்பா உங்களுக்கு நன்றி சொல்கிறார். நன்றாகச் சாப்பிடுங்கள்,” என்றேன்.

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

“முழுக்கச் சொல்லிப்போட்டியோ?” என்று அப்பா குனிந்து காதில் கேட்டார்.

“ஓம் அப்பா.”

அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். கைதட்டல் ஓயும்வரை அப்படியே நின்றார்.

பின்னேரம் வீட்டு வாசலில் அப்பா தள்ளுவண்டியைச் சோப்புப் போட்டுக் கழுவும்போது, அம்மா தம்பிமாரோடு படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். நான் கூண்டுக்காரருக்குச் சொன்ன பொய்யை, தொப்பிக்காரப் பெண்ணை, காது எட்டிப் பார்த்ததை நடித்துக் காட்டினேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“கொப்பரை மேடையிலை ஏத்தினவையாம். என்ன கதைச்சவர்?”

“அவரோ? நன்றி சொன்னவர்,” என்றேன். “அவ்வளவுதான்.”

அப்பா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு சக்கரத்தைத் திரும்பத் தேய்க்கத் தொடங்கினார். வண்டியில் எண்ணெய்க் கறை நன்றாகப் பிடித்துவிட்டது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.